பார்ஜில் எழுதியிருந்த பெயர்

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்கு மெசேஜ் வர ஆரம்பித்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் ரோடு மேஸ்திரி. காலையில் தார் வண்டியோடு போனால் பொழுது சாயத்தான் அந்தமானில் எங்கள் ஊரான ரங்கத்துக்குத் திரும்புவார். அவருக்குப் போன் வந்தால் ஜல்லி வரவில்லை, ரோலர் நின்றுவிட்டது என்கிற மாதிரிதான் இருக்கும். இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுசனுக்கு நாளெல்லாம் யார் என்ன அனுப்புகிறார்கள்? நான் டீ கொண்டுபோனால் போனைத் தொடைமேல் கவிழ்த்துவிடுவார். சஷ்டியன்று நான் பூஜை முடித்துக் கற்பூரம் காட்டும்போதுகூட ஒரு கை கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டது, இன்னொரு கை சட்டைப் பையிலேயே இருந்தது.

இந்த வயசில் இது என்ன கண்றாவி என்று எனக்குள் புழுங்கினேன். முருகனிடம் சொல்லி அழுதேன். அப்புறம் பொறுக்க முடியாமல் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"ஏங்க, யாரு அது?"

"எது யாரு?"

"போனுக்குள்ள இருக்கவ."

அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடியே, பொம்பளையா இருந்தாத் தேவலையே. இது ஷேரு."

எங்களுக்கு அப்போது இருந்தது ஒரே கவலை. அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஓய்வு பெற்றவர் சில மாதங்களில் காலி செய்துவிட வேண்டும். பஜாருக்குப் பின்னால் மேட்டில் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டத் தொடங்கி, சுவர் ஜன்னலுக்கு மேல்வரை எழும்பி நின்றிருந்தது. மேலே கூரைத் தளம் போட வேண்டியது பாக்கி. கம்பியும் சிமென்டும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டிய ஊரில் தளம் போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஓய்வுப் பணம் வந்ததும் அதில் ஒரு பங்கை 'இது தளத்துக்கு' என்று ஒதுக்கி பாங்கில் போட்டோம். மழைக்கு முன்னால் போட்டாக வேண்டும். இல்லையென்றால் மழைக்காலம் முழுக்க வாடகை வீடு, அங்கே நம் சுவரெல்லாம் பாசி. காலையும் மாலையும் விளக்கேற்றி நான் கேட்டதெல்லாம் அந்தத் தளத்தைத்தான்.

அவரை ஷேர் பக்கம் இழுத்துவிட்டது என் கொழுந்தன். போர்ட் பிளேயரில் மொபைல் கடை வைத்திருக்கிறார். முன்பெல்லாம் எங்கள் தீவில் ஒரு போட்டோ திறப்பதற்குள் உலையில் அரிசி வெந்துவிடும். கடலுக்கடியில் கேபிள் போட்டு நெட் வேகமான பிறகு எல்லாம் மாறிப்போனது. கொழுந்தன் கடையில் போன் வாங்குகிறவர்களுக்கெல்லாம் ஷேர் வாங்குகிற ஆப் ஒன்றையும் போட்டுக்கொடுப்பார். அதில் அவருக்கு ஏதோ கமிஷன் உண்டு. அண்ணனுக்கும் போட்டுக்கொடுத்து, ஒரு டெலிகிராம் குரூப்பிலும் சேர்த்துவிட்டார். அந்தக் குரூப்பை நடத்துகிறவரை எல்லோரும் குருஜி என்றார்கள். கோட்டு போட்ட படம் ஒன்று இருந்தது, முகம் சரியாகத் தெரியாது.

"இவரு எந்த ஊரு?"

"பம்பாய்."

"பாத்திருக்கீகளா?"

"பம்பாயில இருக்கவரை நான் எங்கன போய்ப் பாக்குறது?"

"அப்ப பம்பாய்னு எப்படித் தெரியும்?"

"அவரே சொல்லியிருக்காருடி."

எனக்கு எட்டாவதுக்கு மேல் படிப்பு இல்லை. ஆனால் ரங்கத் பஜாரில் இத்தனை வருஷம் காய்கறி வாங்கியிருக்கிறேன். 'கப்பல் தள்ளிப்போச்சாம், அடுத்த வாரம்தானாம்' என்று காலையில் ஒரு பேச்சு கிளம்பும். மத்தியானத்துக்குள் வெங்காயம் விலை ஏறிவிடும். சாயங்காலம் கப்பல் சரியாக வந்துவிட்டது என்று தெரியும். அந்தப் பேச்சை முதலில் கிளப்பியவர் கோடவுனில் வெங்காய மூட்டை இருந்திருக்கும். அதனால் ஒருத்தர் எனக்கு வலிய வந்து ஒரு செய்தி சொன்னால், அதை என்னிடம் சொல்வதில் இவருக்கு என்ன கிடைக்கிறது என்றுதான் என் மனசு முதலில் கேட்கும். முகம் தெரியாத இந்த குருஜி ஆயிரக்கணக்கான பேருக்கு ஓசியில் பணம் சம்பாதிக்க வழி சொல்கிறார் என்றால் அவர் ஒன்று மகானாக இருக்க வேண்டும், இல்லை வெங்காய மூட்டை வைத்திருக்க வேண்டும். இதைச் சொன்னபோது வீட்டுக்காரர், "உனக்கு எல்லாமே வெங்காயந்தான்" என்றார்.

அப்போதுதான் அந்த பார்ஜ் வந்தது.

லாங் ஐலண்டில் இருக்கும் என் அக்காவுக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு, பச்சை மூடி போட்ட பெயிண்ட் வாளியில் அடைத்து, கப்பலில் தெரிந்த ஆள் கையில் கொடுத்தனுப்புவதற்காக நாங்கள் இரண்டு பேரும் கப்பல் வந்து நிற்கிற ரங்கத் பே ஜெட்டிக்குப் போனோம். ஜெட்டியை ஒட்டி, மேலே கிரேனும் இரும்புச் சாமான்களுமாக, தட்டையாகப் பெரிய சரக்குப் படகு, பார்ஜ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. பக்கவாட்டில் ஆள் உயர நீல எழுத்தில் ஒரு கம்பெனியின் பெயர். அதைப் பார்த்ததும் இவர் கையைப் பிடித்து அமுக்கினார்.

"இந்தா, இந்தக் கம்பெனி ஷேர் மார்க்கெட்ல இருக்கு! சின்னக் கம்பெனி. இங்கன பெரிய துறைமுக வேலை ஏதோ வருது போல. நம்ம ஜனம் எவனுக்கும் தெரியல பாரு."

என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஒரு போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு பெருமை. வருஷக்கணக்கில் எங்களுக்கு எல்லாம் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. பேப்பர், சினிமா, மருந்து எல்லாம். முதல் தடவையாக மெயின்லேண்டுக்குத் தெரியாத ஒன்று எங்கள் கண்ணுக்கு முன்னால் மிதந்துகொண்டிருந்தது. ரங்கத்தில் நிறையப் பேர் அந்த ஷேரை வாங்கியதற்கு இந்தப் பெருமைதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். கான்ட்ராக்டர், டெண்டர் என்று புழங்கிய ஊர். யார் மெஷின் எங்கே இறங்கினாலும் எங்களுக்குத்தான் முதலில் தெரியும் என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு.

அடுத்த வாரம் குருஜி குரூப்பில் ஒரு செய்தி போட்டார். அந்தமானில் இந்தக் கம்பெனிக்கு மிகப் பெரிய ஆர்டர், மெஷின்கள் போய் இறங்கிவிட்டன, நேரில் பார்த்த நம்பகமான ஆள் சொன்னது, அறிவிப்பு வருவதற்குள் வாங்கிவிடுங்கள், ஜல்தி, சீக்கிரம். அந்த ஷேர் ஏற ஆரம்பித்தது.

இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பாத்தியா? நாம கண்ணால பாத்தோம். பம்பாய்க்காரனும் அதையே சொல்றான். ரெண்டு பக்கத்துலருந்தும் ஒண்ணு போல வந்தா அப்புறம் என்ன சந்தேகம்?"

"எனக்குச் சந்தேகந்தான்."

"உனக்குச் சோத்துல உப்பு இருந்தாலும் சந்தேகம், இல்லாட்டியும் சந்தேகம்."

"தளத்துக் காசுல கைய வைக்காதீக. அவ்வளவுதான் சொல்லுவேன்."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவராகவே வந்து, "சரி, முருகன்கிட்ட கேப்போம். பூ கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா வாங்குறது, சிவப்பு வந்தா இந்தப் பேச்சே வேண்டாம்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து கோயிலுக்கு என்னோடு வருவார், வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொள்வார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருமென்று நான் நினைத்ததேயில்லை. நந்தியாவட்டை ஒன்று, சிவப்பு அரளி ஒன்று பறித்து வந்தேன். "நானே மடிக்கிறேன், நீ மடிச்சா உன் பக்கம் சாயும்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு பொட்டலத்தைக் கொண்டுவந்து முருகன் படத்துக்கு முன் போட்டார்.

எடுப்பதற்கு வேற்று ஆள் வேண்டுமே. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெங்காலியம்மாவைக் கூப்பிட்டேன். அங்கன்வாடியில் வேலை. நான் தீதி என்பேன், அக்கா என்று அர்த்தம். அவர் என்னைப் பெஹன் என்பார், தங்கச்சி. நாங்கள் பேசிக்கொள்வது இந்தத் தீவில் எல்லோரும் பேசுகிற ஹிந்தியில். தீதி கையைக் கழுவி, தலையில் முக்காடு போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தால் நந்தியாவட்டை.

"க்யா மாங்கா?" என்ன கேட்டீர்கள் என்றார். வீட்டுக்காரர் விஷயத்தைச் சொல்லி, குரூப் செய்தியையும் காட்டினார். தீதி முருகனைக் கையெடுத்துக் கும்பிட்டார். சாயங்காலம் அவர் மகன், பஜாரில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறவன், எங்கள் வீட்டுக்கு வந்து அந்தக் கம்பெனி பெயரைச் சரியாக எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். "பகவான் அம்மா கையிலேயே கொடுத்திருக்கார் ஆன்ட்டி" என்றான்.

முருகன் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல? தளத்துப் பணம் முழுவதும் அந்த ஷேருக்குப் போனது.

அதன் பிறகு வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. காலையில் மார்க்கெட் திறக்கும்போது போன் ஸ்டூல்மேல் வைக்கப்படும். விலை ஏறிப் பச்சையாக இருந்தால் எனக்கு 'ஏம்மா' என்று கூப்பாடு, இறங்கிச் சிவப்பாக இருந்தால் 'இந்தா'. பஜாரில் மீன்காரர்கூட இவரை நிறுத்தி, "பாய்ஜி, பார்ஜ் ஷேர் ஆஜ் கித்னா?" என்று விலை கேட்டார். விலை ஏறிய அன்று இவர் வாங்கினவர்களைப் பற்றிப் பேசுவார். இறங்கிய அன்று ஜெட்டிக்குப் போய் பார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். அது இருக்கும். அதுவே அவருக்குப் போதும்.

ஒரு சமயம் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இறங்கியது. நான் சாப்பாட்டில் கையை அளைந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்றுவதற்காக குருஜி அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினார். "இந்தா பாரு, ஆதாரத்தோட போட்டிருக்காரு." பார்ஜ் படம். சுற்றிச் சிவப்பு வட்டம், அம்புக்குறி, ஹிந்தியில் 'எங்கள் ஆள் நேரில் எடுத்தது' என்று எழுத்து. நான் வட்டத்தைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில், வெட்டியது போக மிச்சமாக, மஞ்சள் முந்தானை ஒன்று காற்றில் தூக்கியிருந்தது. அதற்குக் கீழே ஒரு பச்சை மூடி.

"ஏங்க, இது நாந்தான்."

"எது?"

"இந்த முந்தானி என்னுது. இது ஊறுகா வாளி."

"ஊருல ஒனக்கு மட்டுந்தான் மஞ்சச் சேலையா?"

"நீங்க எடுத்த போட்டோவக் காட்டுங்க."

அவர் தேடி எடுத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பார்ஜ்மேல் ஒருத்தர் கயிற்றைத் தாண்ட ஒரு காலைத் தூக்கியிருந்தார். இரண்டு படத்திலும் அதே கால், அதே உயரத்தில்.

அவர் போனைக் கீழே வைத்தார். பிறகு மெல்ல, "அப்ப பம்பாய்க்காரன் தனியா விசாரிச்சுச் சொன்னது…" என்று இழுத்தார்.

"அவன் எங்க விசாரிச்சான்? நீங்க சொன்னதுதான் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு."

கொழுந்தனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நானே கேட்டேன்.

"மதினி, சாமி சத்தியமா நான் ஒருத்தனுக்குத்தான் அனுப்புனேன்."

"யாருக்கு?"

"ஒரு கஸ்டமரு. நல்ல மனுசன். காசு கட்டுற பெரிய குரூப்புல ஓசியில சேத்துவிடுறேன்னான்."

"அவரு யாருக்கு அனுப்புனாரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? மேல போயிருக்கும்."

"மேலன்னா?"

"மேலதான் மதினி. கீழ நாமதான் இருக்கோமே."

அவர் சொன்னது உண்மையா, அவரே குருஜியின் ஆளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கமிஷன் வாங்குகிறவரிடம் கேட்டு வாங்கிய பதில் அது. அதற்கு மேல் அதை நான் நம்பவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் விடவில்லை. போட்டோ எங்களுடையதாகவே இருக்கட்டும், பார்ஜ் பொய்யா, அதில் எழுதியிருக்கிற பெயர் பொய்யா என்றார். அதுவும் நியாயந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா திருப்பி அனுப்பிய வாளியை வாங்கிக்கொள்ள ஜெட்டிக்குப் போனபோது, பார்ஜில் ஒருத்தர் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். பார்த்ததும் தமிழ் ஆள் என்று தெரிந்தது. சமையல்காரர், தூத்துக்குடிப் பக்கம். இவர் கம்பெனிப் பெயரைச் சொல்லி, ஆபீஸ் எங்கே, பெரிய வேலை எப்போது ஆரம்பிக்கிறார்கள் என்று கேட்டார்.

"அண்ணாச்சி, அந்தக் கம்பெனிக்காரன் இதை வித்துட்டுப் போயி எந்தக் காலம் ஆச்சு. இப்ப ஓனரு காக்கிநாடாக்காரருல்லா."

"அப்ப அந்தப் பேரு?"

"பேரை அழிக்கணும்னா கரையேத்திச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கணும். மிதக்குதுல்லா, கெடக்கட்டும்னு விட்டுட்டாக."

"இங்கன என்ன வேலைக்கு வந்தீக?"

"ஜெட்டித் தூணு அரிச்சுப் போச்சு. ஒட்டுப் போட வந்திருக்கோம். முடிஞ்சா கெளம்பிருவோம். ஏன் அண்ணாச்சி, மகனுக்கு வேலை கீலை கேக்க வந்தியளா? எனக்கே சம்பளம் ஒழுங்கா வரல."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "யார்ட்டயும் மூச்சு விடாத. நாளைக்குக் காலையில மார்க்கெட் தொறந்ததும் வித்துருவோம்."

"தீதி மகன்?"

"வித்த பிறகு சொல்லுவோம்."

"அதெப்படிங்க? அவுக நம்ம வீட்டுல வந்து பூ எடுத்ததப் பாத்துத்தானே வாங்குனாக."

"இப்பச் சொன்னா அவன் பஜார் பூராச் சொல்லுவான். குரூப்புலயும் போடுவான். இது சின்ன ஷேரு. எல்லாரும் ஒரே நேரத்துல விக்க ஓடுனா வாங்க ஒருத்தன் இருக்க மாட்டான். பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்க வேண்டியதுதான், விக்காது. அப்புறம் தளத்துக்கு நீ என்னத்தப் பரப்புவ, தென்ன ஓலையா?"

"முருகன் வெள்ளைப் பூ குடுத்தாரு. அதுல ஏதோ அர்த்தம் இருக்கும். நம்ம நேர்மையா இருந்தா அவரு கைவிட மாட்டாரு."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்து வாய் தவறியது. "முருகன் எங்கடி குடுத்தாரு! ரெண்டுலயும் வெள்ளைதான் இருந்துச்சு. செடியிலருந்து நானே இன்னொண்ணு பறிச்சேன். அன்னைக்குக் காலையிலேயே வாங்கி முடிச்சாச்சு. நீ நிம்மதியா இருக்கணுமேன்னுதான் பூ கட்டுனேன்."

போட்டோவில் ஏமாந்தது, பார்ஜில் ஏமாந்தது எல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. நான் சாமி முன்னால் உட்கார்ந்து நன்றி சொல்லி அழுதேனே, அந்த அழுகையை நினைத்துக் கூசிப்போனேன். அவர் பிறகு என்னென்னவோ சொன்னார். நான் எழுந்து கொல்லைப்புறம் போனேன். இரண்டு குவார்ட்டர்ஸுக்கும் பொதுவான குழாயில் தீதி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் போட்டோவே சுற்றி வந்தது, பார்ஜ் கைமாறியது, தூண் ரிப்பேர். இவற்றைச் சொல்லிவிட்டு, மறைக்கக் கூடாதே என்று பூ விஷயத்தையும் சொன்னேன். நாளைக் காலையில் நாங்கள் விற்கப்போகிறோம், நீங்களும் விற்றுவிடுங்கள் என்றேன்.

தீதி பாத்திரத்தைக் கீழே வைத்தார். சாம்பல் கையோடு என்னையே பார்த்தார்.

"அன்னைக்கு பகவான் முன்னாடி ஜூட் சொன்ன வீடு, இன்னைக்குக் குழாயடியில சச் சொல்லுதா?" ஜூட் என்றால் பொய், சச் என்றால் உண்மை.

"தீதி, நான் சொல்லல. அவர் செஞ்சது."

"மியா பீவி ஏக் ஹி ஹை. புருசன் பெண்டாட்டி ரெண்டு பேரும் ஒண்ணுதான்." குரல் ஏறவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஒண்ணு கேக்கறேன் பெஹன். நான் வித்தா விலை இறங்கும். இறங்கினா யார் வாங்குவா? என் மகன் சொல்லியிருக்கான், பெரிய ஆளுங்க இப்படித்தான் சின்ன ஆளுங்களைப் பயமுறுத்தி விக்க வைப்பாங்களாம்."

"நாங்க பெரிய ஆளா? எங்க வீட்டுக்குத் தளமே இல்ல தீதி."

"அதான். தளத்துக்குப் பணம் வேணுமில்ல?"

ஒரு பொய்யை ஊரே நம்பியது, முகம் தெரியாத ஆளை நம்பியது. நானோ அவர் தினமும் பார்க்கிற முகம். என் உண்மையை அவரால் நம்ப முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன், அதுவும் எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் குரூப்பில் குருஜியின் செய்தி வந்து கிடந்தது. அந்தமானிலிருந்து சில பேர் வேண்டுமென்றே புரளி கிளப்புகிறார்கள், பயந்து விற்கிறவன் அழுவான், இதுதான் இன்னும் வாங்குவதற்கு நல்ல சந்தர்ப்பம் என்று. நான் குழாயடியில் சொன்னது, தீதி மகன் வழியாகத்தான் இருக்கும், பம்பாய்க்குப் போய்ப் புரளியாகத் திரும்பியிருந்தது. மார்க்கெட் திறந்ததும் அந்த ஷேர் ஏறியது.

இவர் ஸ்டூலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விரல் போனுக்கு மேலேயே நின்றது, இறங்கவில்லை.

"ஏறுதே," என்றார்.

"ஏறட்டும்."

"இல்ல, யாரோ பெரிய கை வாங்குது. ஒண்ணும் தெரியாமலா வாங்குவாக? நம்மளுக்குத் தெரியாதது ஏதாவது அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தச் சமையக்காரனுக்கு என்ன தெரியும், ஓனருக்கும் கம்பெனிக்கும் உள்ளுக்குள்ள என்ன ஏற்பாடோ. ரெண்டு நாள் பாத்துட்டு…"

நேற்றுத் தன் காதால் கேட்டதை, தன் வாயால் கேட்டு வாங்கிய பதிலை, ஒரு பச்சை நம்பரைப் பார்த்ததும் அவர் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபம்கூடக் குறைந்து, பாவமாக இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க சாமியையும் நம்பல, என்னையும் நம்பல. போகட்டும். ஜெட்டியில போயி நீங்களே கேட்டதையாவது நம்புங்க. அந்த ஆளுக்கு நம்மகிட்ட பொய் சொல்லி என்ன கெடைக்கப்போகுது? மீனு அரிஞ்சுக்கிட்டிருந்தாரு."

வெகுநேரம் கழித்து விரலை இறக்கினார். விற்றுவிட்டது. கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கம் யாரோ வாங்க நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். வாங்கிய விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது. அவர் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தார், படத்தைப் பார்த்து இல்லை, போனைப் பார்த்து. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த வாரக் கடைசியில் கம்பெனியே அறிவித்துவிட்டது: அந்தமானில் எங்களுக்கு எந்த ஆர்டரும் இல்லை, அந்தப் படகு எங்களுடையது இல்லை. அதிலிருந்து தினமும் அந்த ஷேர் திறக்கும்போதே இறங்கி, வாங்க ஆளில்லாமல் அப்படியே நிற்கும். இவர் பயந்த மாதிரியேதான், பட்டனை அமுக்கினாலும் விற்காது. பஜாரில் பல பேர் முகம் செத்துப்போயிருந்தது. குருஜி குரூப்பைக் காலி செய்துவிட்டு மறைந்தார். பார்ஜும் வேலை முடிந்து போயிற்று. இவர் இரண்டு நாள் பஜார் பக்கமே போகவில்லை. யாராவது ஏதாவது கேட்பார்களோ என்று.

மழைக்கு முன்னால் எங்கள் தளம் போட்டாயிற்று. பால் காய்ச்ச நல்ல நாள் பார்த்து, தெரிந்தவர்களை மட்டும் கூப்பிட்டோம். தீதி வீட்டுக்கு நானே குங்குமத் தட்டோடு போனேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார், தனியாக. பால் வாங்கிக் குடித்தார். ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தார். கடைசியில் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"சத் அச்சா பனா." தளம் நன்றாக வந்திருக்கிறது என்றார்.

"உங்க ஆசீர்வாதம் தீதி."

"அன்னைக்குக் காலையில நீங்க வித்தது யாருக்கு?"

"தெரியாது தீதி. அதுல யாரு வாங்குறாங்கன்னு தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். சண்டை போடுகிற முகம் இல்லை.

"அன்னைக்குக் காலையில என் மகன் இன்னும் கொஞ்சம் வாங்கினான்," என்றார். "நீ பயமுறுத்தறேன்னு நான் போய்ச் சொன்னேன். அப்படின்னா விலை ஏறும்னு சொல்லி வாங்கினான்."

கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கிப் போனார். அன்று காலையில் நாடு முழுக்க எத்தனையோ பேர் வாங்கியிருப்பார்கள், நம் ஷேரை வாங்கியது தீதி மகனாக இருக்க வழியில்லை என்று இவர் அடிக்கடி எனக்குச் சொல்கிறார். இருக்கலாம். பூஜை முடித்துத் தரையில் விழுந்து கும்பிட்டு நிமிரும்போதெல்லாம் மேலே தளந்தான் முதலில் கண்ணில் படுகிறது. அது யார் காசு என்று முருகனிடம் கேட்க வாய் வரும். கேட்டதில்லை.